முப்பத்தேழாம் லைன்

பேசி முடித்ததும் போனை ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ரிசீவரை மேஜைமேல் மல்லாத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். பிள்ளைகள் எடுத்து விளையாடிவிட்டுத் தலையணைக்கு அடியில் சொருகியிருக்கும். அப்புறம் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து நமக்கு வசவு விழும்: "ரெண்டு நாளா போன் செத்துக் கெடக்கு, உங்க ஆபீஸ்ல யாரும் உசுரோட இருக்கீயளா?" போய்ப் பார்த்தால் போனுக்கு ஒன்றும் இருக்காது. எடுத்த ரிசீவரை வைக்காதவரை அந்த லைன் பிஸி; யார் கூப்பிட்டாலும் என்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் இது. ஐயாவுக்குத் தெரியாததல்ல.

என் டெஸ்ட் அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் உள்ள ஓர் எண்ணைக் குறித்து, விசாரணை அதிகாரியாகிய தாங்கள் விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பெயர் தேவஇரக்கம், தகப்பனார் ஐயாதுரை, வயது முப்பது, ஊர் கான்சாபுரம். எட்டு வருடமாக டெலிபோன் இலாகாவில் இருக்கிறேன். இந்த வருடம், 1995 ஆடியில், ஸ்ரீவில்லிபுத்தூரின் புது எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சின் டெஸ்ட் என் பொறுப்பில் நடந்தது.

டெஸ்ட் என்பது இதுதான். ஊரே ஒரே நேரத்தில் போனைத் தூக்கினால் எக்ஸ்சேஞ்ச் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஊரைக் கூட்டி வந்து போன் பேசச் சொல்ல முடியாது. அதனால் மதுரையிலிருந்து சிமுலேட்டர் என்று ஒரு பெட்டி வரும். அரை பீரோ உயரம். அதில் அறுபத்து நான்கு லைன்கள். ஒவ்வொரு லைனும் ஒரு போலி ஆள். ரிசீவரை எடுப்பான், டயல் டோனுக்குக் காத்திருப்பான், எண்ணைச் சுழற்றுவான், மறுமுனை எடுத்தால் பேசுகிற மாதிரி பிடித்திருப்பான், வைப்பான், கொஞ்சம் ஓய்ந்து மறுபடி எடுப்பான். யாரைக் கூப்பிட வேண்டும், எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஓய வேண்டும் என்று நாம் ஒவ்வொரு லைனுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் அறுபத்து நான்கு பேருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றரை நிமிடம் பேச்சு, அரை நிமிடம் ஓய்வு. அப்படி எந்த மனிதரும் பேசுவதில்லை. நான் ஒரு வாரம் பழைய எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து மனிதர்கள் பேசும் விதத்தைக் குறித்துக்கொண்டேன். ராஜபாளையத்துப் பஞ்சுத் தரகர் நாற்பது விநாடிக்குமேல் பேசமாட்டார், ஆனால் மூச்சு விடுவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மகளைத் தளவாய்புரத்தில் கட்டிக் கொடுத்த தாய், வைக்கிறேன் என்று சொன்ன பிறகு ஏழு நிமிடம் பேசுவாள். மூன்று எண் சுழற்றிவிட்டு நான்காவது மறந்து நிற்கிறவர்கள் உண்டு. பேசிவிட்டு வைக்காதவர்கள் இருக்கவே இருக்கிறார்கள். எல்லாரையும் பெட்டிக்குள் கொண்டுவந்தேன். உடன் வேலை பார்க்கும் சமுத்திரம் சிரித்தான். "ஏலே, பேய்க்கெல்லாம் ஒரு குணம், ஒரு பழக்கம்னு பாத்துப் பாத்து வச்சிருக்கியே. நீ கல்யாணம் ஆகாம கெடந்தா இப்பிடித்தான்" என்றான். அவன் சொன்னதிலும் உண்மை உண்டு. அந்த அறுபத்து நான்கு பேரும் எனக்கு நெருக்கமானவர்களாகவே இருந்தார்கள்.

போலி ஆட்கள் யாருக்கும் ஒதுக்காத டெஸ்ட் எண்களைத்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. அறுபத்து மூன்று பேர் அப்படித்தான் செய்தார்கள். முப்பத்தேழாம் லைன் மட்டும் ராஜபாளையத்தில் டாக்டர் ஜயலக்ஷ்மியின் பிரசவ ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டது. பதினான்காம் பக்கத்தில் உள்ள அந்த எண் அச்சுப்பிழை அல்ல. நானே பதிந்தது.

ஏன் என்று சொல்ல 1984 ஐப்பசிக்குப் போக வேண்டும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா இல்லை, அக்கா அன்னாள்தான் என்னை வளர்த்தாள். தலைப்பிரசவத்துக்குக் கான்சாபுரம் வந்திருந்தாள். ஒரு காலையில் வலி கண்டது. மருத்துவச்சி ஏசம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இது நம்ம கைக்கு அடங்காது. சுணங்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். நாலு நாளாக அடைமழை. ஓடையில் தண்ணீர் போனதால் பஸ் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஜீப் இருந்தது. அது வந்தால் உண்டு. வத்திராயிருப்பில் போன் எல்லாம் மழையில் செத்திருந்தது. சுந்தரபாண்டியம் வரை சைக்கிள் மிதித்து, அங்கே தபாலாபீஸ் போனில் அந்த நர்ஸிங் ஹோமுக்கு ட்ரங்க் கால் புக் செய்தேன்.

அப்போதெல்லாம் நாமே சுழற்றிப் பேச முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போர்டில் உள்ள ஆபரேட்டரிடம் எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பக்கத்தைப் பிடித்துவிட்டு நம்மைத் திரும்பக் கூப்பிட்டுச் சேர்த்துவிடுவார். நான் விவரம் எல்லாம் சொன்னேன். கான்சாபுரம், சர்ச் தெரு, ஐயாதுரை வீடு, அக்காவுக்குப் பிரசவம், ஆபத்து. ஒரு பெண் குரல் பதற்றமே இல்லாமல் பதில் சொன்னது.

"லைன் என்கேஜ்டா இருக்கு தம்பி. செத்த நேரம் பொறுங்க. போனைக் கீழே வச்சுட்டு நில்லுங்க, நானே கூப்பிடுதேன்."

மணி அடிக்கவில்லை. நானே திரும்பக் கூப்பிட்டேன். அதே பதில். மூன்றாம் முறையும் அதே பதில், அதே நிதானம். அதன்பிறகு நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கைவிட்டால் எங்கே என் முறை போய்விடுமோ என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஐம்பது நிமிடம். எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்ததால் எனக்குத் தெரியும். அந்தப் பெண் கூப்பிடவேயில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே சைக்கிளைத் திருப்பினேன்.

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. எப்படி வந்தது என்று டிரைவரைக் கேட்டேன். "கான்சாபுரம் போன்னாவ, வந்தேன்" என்றார். எங்கள் போதகர் அது கர்த்தர் அனுப்பிய ஜீப் என்றார். கர்த்தர் கொஞ்சம் முன்னாலேயே அனுப்பியிருக்கலாம். கிருஷ்ணன்கோவில் விலக்கு தாண்டியதும் அக்காவின் கை என் கையில் கனத்துவிட்டது. நர்ஸிங் ஹோமில் டாக்டர் பார்த்துவிட்டு, அரை மணி முந்தி வந்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்கும் என்றார். அரை மணி என்பது அவர் வாயில் வந்த வார்த்தை. நான் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து இலாகாத் தேர்வு எழுதி, அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று போர்டு அறைக்கு ஒரு வயர் மாற்றப் போனேன். ஓர் அம்மாள் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு யாரிடமோ, "செத்த நேரம் பொறுங்க" என்றார். அந்தக் குரலை நான் ஆயிரம் பேரிலும் அடையாளம் சொல்வேன். கோதைநாயகி அம்மாள். கோயில் பக்கத்துத் தெருவில் வீடு. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் வஞ்சுளவல்லி. மார்கழியில் ஆபீசுக்கே அக்காரவடிசில் கொண்டுவருவார். எனக்கென்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பார். நானும் சாப்பிடுவேன், நன்றாக இருக்கிறது என்றும் சொல்வேன். நன்றாகத்தான் இருக்கும்.

அவரை அன்றே வெறுத்தேன் என்று எழுதினால் பொய். அதற்கு முந்தைய மூன்று வருடமும் முகம் தெரியாமலே வெறுத்திருந்தேன். அன்று முகம் கிடைத்தது, அவ்வளவுதான். அதன்பின் எட்டு வருடம் அவருக்கு எதிர் மேஜை. ஒரு வார்த்தை முறைத்துப் பேசியதில்லை. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா.

ஒரு தடவை அவர் கேட்டார், "உனக்கு எந்த ஊர் தம்பி?"

"கான்சாபுரம்மா."

அவர் முகம் மாறியது. பிறகு, "அங்க சர்ச் தெருவுல, ஒரு மழை நேரம், ஒரு பொண்ணு பிரசவத்துக்குக் கஷ்டப்பட்டுச்சு. பொழைச்சுதா, என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதும்மா" என்றேன்.

குற்றம் செய்தவர்கள் செய்த இடத்தைத் திரும்பிப் பார்க்க வருவார்கள் என்று சொல்வதுண்டு. அது உண்மைதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இந்த வருடம் வஞ்சுளவல்லி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். இரத்த அழுத்தம் கூடியிருந்ததால், வலி கண்டதும் போன் செய்யுங்கள், வேன் அனுப்புகிறேன், இருபதே நிமிடம் என்று டாக்டர் ஜயலக்ஷ்மி சொல்லியிருந்தார். ஆடிப்பூரத் தேரை ஒட்டி நாள் குறித்திருந்தார். கோதைநாயகி அம்மாள் இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னார். "தேரன்னிக்கு வலி எடுத்தா டாக்ஸி ஒண்ணும் கெடைக்காது தம்பி. ஊருக்குள்ள காலு வைக்க எடம் இருக்காது. போன் ஒண்ணுதான் நமக்குத் தொணை. லைன் ஒழுங்கா இருக்கும்ல?" என்றார். "நான் இருக்கேன்லம்மா" என்றேன்.

ஐந்து நாள் டெஸ்ட். நான்காம் நாள் தேர். தேதியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இலாகா கொடுத்தது. என் பங்குக்கு நான் செய்தது முப்பத்தேழாம் லைனை அமைத்தது மட்டும். மூன்று நிமிடம் பிடித்திருக்க வேண்டும், நான்கு விநாடி ஓய வேண்டும், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. எங்கள் எக்ஸ்சேஞ்சில் கூப்பிட்டவர் வைத்தால்தான் லைன் விடும். கூப்பிடப்பட்டவர் எத்தனை தடவை வைத்து எடுத்தாலும் அதே மௌனம்தான். அந்த மூன்று நிமிடமும் வெளியிலிருந்து கூப்பிடுகிற அத்தனை பேருக்கும் என்கேஜ்டு. நான்கு விநாடி ஓய்வில் ஒருவர் நுழைய வேண்டுமென்றால் அவருக்கு நல்ல ராசி வேண்டும்.

முதல் நாள் மாலை கோதைநாயகி அம்மாள் நம்பிக்கைக்காக டாக்டரிடம் பேசிப் பார்த்தார். பேசுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்ததால் அந்த நேரம் முப்பத்தேழை நிறுத்தி வைத்தேன். உடனே கிடைத்தது, மகிழ்ந்துபோனார். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. லைன்மேன் பேச்சிமுத்துவை அனுப்பினேன். அவன் அங்கே நின்ற அரை மணி நேரமும் நிறுத்தி வைத்தேன். ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிவிட்டு வந்தான். அவன் மீது தவறில்லை.

பெட்டியில் எந்த லைனையும் காதில் வைத்துக் கேட்கலாம். நான் அடிக்கடி முப்பத்தேழைக் கேட்டேன். கம்பவுண்டர் ஹலோ ஹலோ என்பார், திட்டுவார், வைப்பார். ஒருமுறை டாக்டரே எடுத்தார். "யாருங்க? பேசுங்க. பேச முடியாட்டி போனை ரெண்டு தட்டுத் தட்டுங்க. அவசரம்னா நான் வாரேன்" என்றார். நல்ல டாக்டர். முப்பத்தேழுக்குப் பேசத் தெரியாது.

தேரன்று காலை ஒன்பது பத்துக்கு டெஸ்ட் மேஜைக்குப் போன் வந்தது.

"தம்பி, நான் கோதைநாயகி. வஞ்சுளாவுக்கு வலி எடுத்துருச்சு. டாக்டரம்மா நம்பர் என்கேஜ்டாவே வருது. நீ அங்கேருந்து செத்த பாரேன்."

"பாக்கேன்மா. செத்த நேரம் பொறுங்க. போனைக் கீழே வச்சுட்டு இருங்க, நானே கூப்பிடுதேன்."

அவர் உடனே வைத்துவிட்டார். போர்டில் இருபத்தைந்து வருடம் இருந்தவர்; அவருக்கு வைக்கத் தெரியும்.

பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "இன்னும் என்கேஜ்டுதான்மா. இந்தா கெடைச்சிரும்" என்றேன். ஒன்பதரைக்கும் கூப்பிட்டேன், ஒன்பதே முக்காலுக்கும் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும், இந்தா கெடைச்சிரும். இந்த வேலையின் நுட்பமே அதில்தான் இருக்கிறது. கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லியிருந்தால் அவர் கட்டிலோடு தூக்கிக்கொண்டாவது தேர்க்கூட்டத்துக்குள் பாய்ந்து பக்கத்தில் ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். கிடைத்துவிடும் என்றால் மனிதர்கள் காத்திருப்பார்கள். நான் காத்திருந்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

பத்தரைக்குக் கூப்பிட்டபோது பின்னால் தேர் நகரும் கோவிந்தா கோஷம் கேட்டது. அதற்கு இந்தப்பக்கம் அந்தப் பெண் முனகுவதும் கேட்டது. நான் அவளை எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட நாளில் மதியம் அம்மாவைப் பார்க்க ஆபீசுக்கு வருவாள். என்னை அண்ணாச்சி என்பாள்.

பதினொன்றுக்கு அவரே கூப்பிட்டார். குரலில் அந்த நிதானம் இல்லை. "தம்பி, புள்ளைக்கு வலிப்பு வருதுப்பா. கண்ணு சொருகுது. யாரு இம்புட்டு நேரம் பேசுதாவ? நீ நடுவுல பூந்து, பேசுதவியகிட்ட கொஞ்சம் வைக்கச் சொல்லேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்லிப் பாக்கேன்மா" என்றேன்.

முப்பத்தேழின் மேல் ஒரு பச்சை விளக்கு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கினால் அணைந்துவிடும். என் கை மேஜைமேல்தான் இருந்தது. அன்னாளை நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பொய் எழுதக்கூடாத தாள் இது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியில் பக்கத்துத் தெரு சங்கிலிப்பாண்டி தன் மினி லாரியைச் சந்து சந்தாகச் சுற்றிக் கொண்டுவந்து ஏற்றிப் போனார். பன்னிரண்டரைக்கு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தையை உயிரோடு எடுத்துவிட்டார் டாக்டர். வஞ்சுளவல்லி இரண்டு மணிக்கு இறந்துபோனாள். முப்பத்தேழாம் லைன் ஆறு மணி வரை ஓடியது. பாதியில் நிறுத்தினால் கணக்கு ஒத்துவராது.

அந்த நான்கு நாளில் அந்த ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக் கிடைக்காமல் போன நிஜ அழைப்புகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அறிக்கையில் இருக்கிறது. அவர்களில் யார் யாருக்கு என்ன அவசரம் என்று இயந்திரம் பதிவதில்லை. நானும் விசாரிக்கவில்லை. அந்த எண்ணை அறிக்கையிலிருந்து அடித்திருக்கலாமே என்று சமுத்திரம் கேட்டான். எட்டு வருடத்தில் நான் பொய் அறிக்கை எழுதியதில்லை.

பதினாறாம் நாள் கழிந்து கோதைநாயகி அம்மாள் ஆபீசுக்கு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ எம்புட்டுப் பாடுபட்டேன்னு எனக்குத் தெரியும் தம்பி. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டியே. நமக்குக் குடுத்து வைக்கல" என்றார். நான் கையை விலக்கிக்கொள்ளவில்லை. பல்லுக்குப் பல் என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. அதை மன்னித்துவிடச் சொல்லும் பகுதியும் இருக்கிறது, நான் அவ்வளவு தூரம் வாசிக்கவில்லை.

ஆகவே ஐயா கேட்டதற்குப் பதில்: ஆம். வஞ்சுளவல்லியைக் கொன்றது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. போலீசிடமும் இதையே சொல்வேன்.

இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் நேற்று, நடந்ததை நான் வாயால் சொல்லி முடித்ததும், தாங்கள் கோதைநாயகி அம்மாளின் பணிக்கோப்பைத் திறந்து ஒரு பழைய சீட்டை என் முன் வைத்தீர்கள். 1984 ஐப்பசி, சுந்தரபாண்டியத்திலிருந்து புக் செய்த ட்ரங்க் கால் சீட்டு. ஆபரேட்டர் கையெழுத்தில் நேரம் குறித்திருந்தது. முதல் மூன்று முறையும் நர்ஸிங் ஹோம் என்கேஜ்டு. 10.41-க்கு நர்ஸிங் ஹோம் கிடைத்தது, சுந்தரபாண்டியம் என்கேஜ்டு. 10.48, சுந்தரபாண்டியம் என்கேஜ்டு. 10.55, என்கேஜ்டு. இப்படி ஆறு தடவை. கடைசியில் 11.20-க்கு ஒரு குறிப்பு: 'சுந்தரபாண்டியத்தில் ரிசீவர் வைக்கப்படவில்லை. ஆபத்து என்பதால் நானே நர்ஸிங் ஹோமில் பேசி, ஜீப்பைக் கான்சாபுரம் சர்ச் தெருவுக்கு அனுப்பச் சொன்னேன்.' ஆபரேட்டர் தானாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியை மீறியதற்காக அவரைக் கண்டித்து எழுதிய கடிதமும் சீட்டோடு குத்தியிருந்தது. அதனால்தான் சீட்டு இத்தனை வருடம் அழியாமல் இருந்திருக்கிறது.

வாசித்துவிட்டுத் தாங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று நான் போனைச் சரியாக வைக்காததே தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திடச் சொன்னீர்கள். கொலையை ஒப்புக்கொண்டவன் இதற்கு ஏன் தயங்குகிறான் என்று தங்களுக்குத் தோன்றலாம். தயக்கம் இல்லை. அது உண்மையில்லை, அதனால் சேர்க்க மாட்டேன். ஆபரேட்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் எழுதுவார்கள். நான் அங்கே நின்றவன், எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க்காரர்களைப் போல் போனை எங்கேயோ போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகவில்லை. என் அக்காவுக்காக அந்த ஐம்பது நிமிடமும் நான் அதைக் கையைவிட்டுக் கீழே வைக்கவே இல்லை.